ஒலித்தும் ஒலிக்காத ஸ்

முருகன்குறிச்சியில் டயர் கடைக்கு மேல்மாடி.
கீழே பஞ்சர் ஒட்டுகிறார்கள்.
மேலே நாங்கள் ஏழு பேர்
பிரெஞ்சுக்காரர்களின் புகாரை வாசிக்கிறோம்:
பார்சல் வரவில்லை,
பார்சல் கிழிந்து வந்தது,
பார்சலுக்குள் வேறு யாருடைய செருப்போ இருக்கிறது.

பிரெஞ்சு நான் படித்தது மார்க்குக்காக.
தமிழில் எழுபது போட்டால் அதிசயம்,
அதில் தொண்ணூற்றைந்து.
பாடப் புத்தகத்தின் பிரெஞ்சு தலைவாரி, ஷூ மாட்டி,
'நூலகத்துக்கு வழி கூற இயலுமா ஐயா' என்று நிற்கும்.
இங்கே வருவதோ
குளித்த ஈரம் காயாமல் ஓடிவருகிற பிரெஞ்சு.
தலைக்கு மேல் கோடில்லை, காலடியில் வாலில்லை,
பாதி எழுத்தை வழியிலேயே போட்டுவிட்டு வந்திருக்கும்.

முதல் வாரம் அகராதியைப் புரட்டினேன்.
பக்கத்து நாற்காலி செய்யதலி, மேலப்பாளையத்துக்காரர், சொன்னார்:
"கண்ணால பாக்காதேயும் வே.
வாய்விட்டுப் படியும்."

படித்தேன். ஷேபா.
யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்றே இருந்தேன்.
ஜ, ந, ஸே, பா என்று
நான்கு படி இறங்கவேண்டியதை
ஒரே தாவாகத் தாவியிருக்கிறார்கள்.
நாம் தெரியவில்லையை 'தெர்ல' என்று விழுங்குவோமே, அதுதான்.
டி, கே, டி. வெறும் மூன்று எழுத்து.
கவலப்படாத என்று அர்த்தமாம்.
அதைச் சொல்லக்கூட அவர்களுக்கு அவ்வளவு அவசரம்.

போனேன், போக, போங்கள் எல்லாம்
காதுக்கு ஒரே 'அலே'.
எப்படி எழுதுவதென்று
அங்கே பிறந்தவனுக்கும் நிச்சயமில்லை.
ஆறுதலாக இருந்தது.

பேட்டைப் பக்கம் ஒரு சுவரில்
கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.
'கண்ணிர்' என்று அச்சாகியிருந்தது,
மேலே சுழியைக் காணோம்.
நின்று படித்த யாரும் சிரிக்கவில்லை.

வாய்விட்டுப் படித்தும் பிடிபடாத ஒன்று வந்தது.
பூனைத் தீனி, மூன்று கிலோ பை.
'ஜான் வ ப்ளூ' என்று எழுதியிருந்தாள்.
கடைசி ஸ் ஒலித்தால், இன்னும் வேணும்.
ஒலிக்காவிட்டால், இனி வேணாம்.
அந்த ஸ்ஸை அவள் ஒழுங்காக எழுதியிருந்தாள்.
பிழையே இல்லாத ஒரே சொல்
அந்த வரியில் அதுதான்.
நான் 'இன்னும்' என்று குறித்தேன்.
இன்னொரு பை போய்ச் சேர்ந்தது.

பதில் வந்தது: ல ஷா எ மோர்.
மோர்.
ஒரு நிமிஷம் மோர் என்றேதான் படித்தேன்.
பூனைக்கும் மோருக்கும் என்ன சம்பந்தம்?
பிறகு உறைத்தது.
பூனை செத்துப்போச்சு.

மன்னிப்பு எழுதினேன்,
எல்லாக் கோட்டையும் எல்லா வாலையும் வைத்து,
நூலகத்துக்கு வழி கேட்கும் பிரெஞ்சில்.
அவள் அனுப்பியது
டி, கே, டி.

ராத்திரி பத்தரைக்கு என் போனில் ஒரு வரி.
எப்சிபா.
வீட்டை விற்கிற பேச்சில்
வாய்க்கு வந்ததை நான் சொல்லி,
தங்கச்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு
திசையன்விளைக்குப் போய்ப் பதினாறு நாள்.
ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள்,
வாரேன்.

வாய்விட்டுப் படித்தேன்.
புறப்பட்டு வருகிறவளும் சொல்வது வாரேன்.
விட்டுவிட்டுப் போகிறவளும் சொல்வது வாரேன்.
போறேன் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை,
சொல்லவும் விடமாட்டோம்.
மேலே போய் அவளுடைய பழைய செய்திகளைப் பார்த்தேன்.
கேஸ் புக் பண்ணிட்டியா.
கரண்ட் பில்லு கட்டு.
ஒன்றும் உதவவில்லை.

செய்யதலியிடம் நீட்டினேன்.
"இது பிரெஞ்சு இல்லியே வே,
எனக்கு எப்படித் தெரியும்" என்றார்.

எப்ப, என்று அடித்தேன். அழித்தேன்.
எங்க, என்று அடித்தேன்.
அதையும் அழித்தேன்.
கீழே ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.
கடைசி திசையன்விளை வண்டி
இந்நேரம் நாங்குநேரி தாண்டியிருக்கும்,
இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ.

ம், என்று அனுப்பினேன்.